கதவை மறித்த பிள்ளை

5.6.1979 செவ்வாய்

பாடசாலை மண்டபக் கூரைக்கு வந்திருக்கும் ஆணி எல்லாம் கட்டை. தகரத்தைப் பிடிக்கும், அடியில் தாங்குகிற தீராந்தி மரத்தைப் பிடிக்காது. கொந்தராத்துக்காரனிடம் சொன்னேன். “போன காத்துக்குக் கொங்கிறீட்டே நிக்கல்ல சேர், ஆணி நீண்டா மட்டும் நிண்டிருமா?” என்கிறான். இந்த ஊரில் இப்போது எல்லாவற்றுக்கும் இதுதான் பதில். எதைச் செய்யாமல் விட்டாலும் சூறாவளியின் தலையில் போட்டுவிடலாம். ஆணியைத் திருப்பி அனுப்பினேன். அதிபர் மீராமுகைதீனுக்கு முகம் கறுத்துவிட்டது. கறுக்கட்டும்.

போன கார்த்திகையில் காற்று அடித்த அன்று நான் ஊரில் இல்லை. கொழும்பில் பயிற்சியில் இருந்தேன். வந்து பார்த்தபோது தென்னைகள் தலையில்லாமல் நின்றன. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இந்தத் தவணைதான் இங்கே மரவேலை படிப்பிக்க வந்தவன் நான். கணிதத்துக்கு ஆள் இல்லையென்று பத்தாம் ஆண்டுப் பெண்பிள்ளைகளின் கேத்திரகணிதத்தையும் தந்துவிட்டார்கள். இன்று வட்டத்துக்குத் தொடுகோடு கீறிக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து மேற்கால் தூசி வாரிய கச்சான் காற்று விழுந்து, இலை அசையாத புழுக்கம். நடு வாங்குப் பலகையில் இருந்த நதீரா எழும்பினாள். என்னைக் கேட்கவில்லை. நேரே போய்க் கதவைச் சாத்தித் தாப்பாளைப் போட்டு, கதவில் முதுகை வைத்துக்கொண்டு நின்றாள். “போய் இரு” என்றேன். என்னைப் பார்த்தாள், ஆனால் அவள் கண்ணுக்கு நான் அங்கே இருந்ததாகத் தெரியவில்லை. கொஞ்சநேரத்தில் கடற்காற்று எடுத்ததும் தானாகவே தாப்பாளை நீக்கிவிட்டுப் போய் இருந்தாள்.

பெண்பிள்ளைகள் இப்படி ஒன்றைக் கண்டால் சிரிப்பார்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

7.6.1979 வியாழன்

மறுபடியும் அதேதான். இன்று றபீக்கா தண்ணீர் குடிக்கப் போகவேண்டும் என்று எழும்பினாள். நதீரா கதவை விடவில்லை. “தள்ளு புள்ள” என்று இவள் இழுக்க, அவள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மரம்போல நின்றாள். றபீக்கா வீரிட்டாள். அந்தச் சத்தத்துக்குப் பின் வாங்கில் ஒருத்தி சரிந்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. பிறகு அடுத்த வகுப்பிலும். வாங்குகளுக்கு இடையில் பிள்ளைகள் வெட்டிப்போட்ட வாழைபோலக் கிடந்தார்கள். நானும் அவர்களின் வகுப்பாசிரியை சுபைறா டீச்சரும் தூக்கித் தூக்கிக் கிணற்றடிக்குக் கொண்டுபோனோம்.

பள்ளி விடமுதலே கேற்றடியில் சனம் நின்றது. “ஜின்னுதான்” என்றார் ஒருவர். “வெட்டின புளிமரத்தில இருந்தது” என்றார் மற்றவர். பள்ளிவாசல் லெவ்வை வந்து தண்ணீர் ஓதிக் கொடுத்தார். பிள்ளைகள் குடித்தார்கள், எழும்பி வீட்டுக்குப் போனார்கள்.

அதிபர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: “எது செஞ்சாலும் செய்யுங்க. காத்தடிச்ச அந்த ராவைப் பத்தி மட்டும் இந்தப் பள்ளிக்கூடத்தில ஒருத்தரும் வாய் திறக்கப்படாது. மறக்க விடுங்க.” தைப் பிறப்பில் பாடசாலை திறந்த நாளிலிருந்து இதுதானாம் கட்டளை.

8.6.1979

பத்தாம் ஆண்டில் பாதிப்பேர் வரவில்லை. நதீரா வந்திருந்தாள்.

12.6.1979 செவ்வாய்

எல்லாம் பார்த்தாகிவிட்டது. கிணற்றை இறைத்துக் குளோரின் போட்டோம். இடைவேளை விசுக்கோத்து ரின்னை உடைத்து நானே தின்றேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. யன்னலுக்குப் பூசிய தார் மணமோ என்று பார்த்தேன், மணமே இல்லை. ஒரு யந்திரம் பழுதென்றால் காரணம் இருக்கவேண்டும். இங்கே எதைக் கழற்றிப் பார்ப்பது?

சுபைறா டீச்சர் சொன்னார்: “தம்பி, நீங்க கிணத்தக் கேட்டீங்க, விசுக்கோத்தக் கேட்டீங்க. அந்தப் புள்ளையிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?”

“நீங்கதானே வகுப்பாசிரியர், நீங்க கேளுங்க” என்றேன்.

“கேட்டா அந்த ராவைப் பத்தித்தான் கதைக்கணும். அதிபர் வாயைத் தைச்சி வச்சிருக்காரே.”

எனக்குக் கதைத்துத் தீர்ப்பதில் நம்பிக்கையில்லை. தொடங்கும் இடம் ஒன்றுதான்: நதீரா கதவைப் பூட்டுகிறாள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. அப்படியானால் பழுது கதவில்.

18.6.1979 திங்கள்

கதவைக் கழற்றிவிட்டேன்.

பிணைச்சல்கள் துருப்பிடித்துக் கிடந்தன. மண்ணெண்ணெய் விட்டு, ஸ்குறூ றைவரால் ஒவ்வொரு திருகாணியாக எடுத்து, கதவைக் கொண்டுபோய் வேலைக்கூடத்தில் சாத்தினேன். கதவில்லாத வகுப்பை யாரும் பூட்ட முடியாது. அதிபர் வந்து பார்த்து, “இது புத்தி” என்றார். முதல்தரம் என்னைப் புகழ்கிறார்.

நதீரா வெறும் கதவுநிலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பாடம் முழுக்க.

20.6.1979 புதன்

என்ன செய்தேன் நான்.

கச்சான் விழுந்தது. நதீரா எழும்பினாள். கதவு இல்லை. வாங்கை இழுத்துப் போட்டாள், அது போதவில்லை. பிறகு பிள்ளைகளைப் பிடிக்கத் தொடங்கினாள். வாசலுக்குக் கிட்ட யார் போனாலும் இழுத்து உள்ளே தள்ளினாள். “போகாதீங்க, போகாதீங்க” என்று ஒரே சொல். றபீக்கா திமிறியபோது அவளுடைய கையை முறுக்கிவிட்டாள். எலும்பு விலகிவிட்டது. நான் நதீராவைப் பின்னால் பிடித்தேன். அந்த மெலிந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கே இருந்தது? பிடித்தபோது தெரிந்தது, அவள் நடுங்குகிறாள். கோபக்காரி நடுங்கமாட்டாள்.

என்னைக் கடிக்கவில்லை, அடிக்கவில்லை. “சேர், நீங்களும் போகாதீங்க” என்றாள்.

21.6.1979 வியாழன்

கூட்டம். றபீக்காவின் மாமா மேசையில் அறைந்தார். “ஒரு விசரிக்காக எங்கட புள்ளையள் கை முறிக்கணுமா? அவள அங்கொட விசர் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க.” நதீராவின் வாப்பா அச்சிமுகம்மது மூலையில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார். வயலில் நிற்கிற மனிதர், சபையில் பேசத் தெரியாது. “நான் கூட்டிக்கொண்டு போறன்” என்றார், அவ்வளவுதான். வாசலில் என்னிடம் சொன்னார்: “ஹஜ்ஜுப் பெருநாள் முடிய கலியாணத்தச் செஞ்சி வச்சிருவம் சேர். மாப்பிள்ள பாத்தாச்சி. மாப்பிள்ள வந்தா சரியாப் போயிரும்.”

பதினைந்து வயது. மார்கழியில் சோதனை எழுதவேண்டிய பிள்ளை. வகுப்பில் வட்டத்தைக் கவராயம் இல்லாமல் கீறுகிறவள் அவள் ஒருத்திதான்.

சுபைறா டீச்சர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். “கதவக் கழட்டினீங்க தம்பி. உள்ளுக்க இருக்கிற தாப்பாள எந்த ஸ்குறூ றைவரால கழட்டுவீங்க?” என்று மட்டும் கேட்டார்.

25.6.1979 திங்கள்

சுபைறா டீச்சரைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். தனியாகப் போவது சரியில்லை. அதோடு எனக்குப் பயமாகவும் இருந்தது.

ஒரே வளவுக்குள் இரண்டு வீடு. ஒன்று பழையது, கிடுகு போட்டு ஒப்பேற்றியது. மற்றது புதுச் சுவர். பாதிக்குத்தான் தகரம், மீதி வெயில். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் இல்லை. கொடுக்கவேண்டியது வாப்பாவும் காக்காமாரும். தங்கச்சிக்கென்று இந்த வீட்டைக் கட்டியவன் நதீராவின் காக்கா ஜுனைதீன். கூரை போட்டுக்கொண்டிருந்த மாதத்தில்தான் காற்று வந்தது. அவன் மவுத்தாகிவிட்டான் என்று மட்டும் ஊரில் சொன்னார்கள். எப்படி என்று நான் கேட்டதில்லை.

நதீராவை வைத்திருந்த அறை வெளியே கொண்டி போட்டிருந்தது. அச்சிமுகம்மது கூச்சத்தோடு அதை நீக்கினார். அவள் உம்மா ஆசியா உம்மா குசினி வாசலில் நின்றார். தேத்தண்ணி போட்டு வைத்துவிட்டு, “அவளிட்டச் சொல்லுங்க, சேருக்குக் குடுக்க” என்று புருசனிடம் சொன்னார். மகள் பக்கத்தில்தான் நிற்கிறாள். கொஞ்சநேரம் கழித்து, “அவள முக்காட்டப் போடச் சொல்லுங்க.” அப்போதும் புருசனிடம்தான். ஒரு வீட்டுக்குள் மகளோடு நேரே கதைக்காத தாய். எத்தனை மாதமாக?

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. “ஏன் கதவைப் பூட்டுகிறாய்?” என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். இதை யாருமே அவளிடம் கேட்கவில்லை என்று அந்த முகத்தில் தெரிந்தது.

“அன்டைக்கும் இப்பிடித்தான் சேர் நிண்ட.”

“என்ன நிண்ட?”

“காத்து.”

பிறகு சொன்னாள். மெதுவாக, பாடம் ஒப்புவிக்கிற மாதிரி. அன்றிரவு காற்று அடித்து அடித்துச் சட்டென்று நின்றதாம். மழையுமில்லை. ஒரு சத்தமுமில்லை. முடிந்தது என்று எல்லாரும் சொன்னார்களாம். “காக்கா சொன்ன, தங்கச்சிட வீட்டுத் தகரத்துக்குக் கல்லு வச்சிட்டு வாறன் என்டு. தாப்பாள் இறுகிட்டு, அவருக்கு ஏலாமப் போய்ட்டு. நாந்தான் இழுத்துத் திறந்த. மறுகா காத்து மத்தப் பக்கத்தால வந்த.”

வெளியில் பாதிக்கூரையில் ஒரு தகரம் கிரீச்சிட்டது.

அவள் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. குசினியிலிருந்து ஆசியா உம்மாவின் குரல்: “சேரிட்டச் சொல்லுங்க, மவுத்தானவருக்கு அழுதா அந்த மையித்துக்குத்தான் வேதன என்டு. நாப்பதாம் நாள் கத்தமும் ஓதிக் குடுத்தாச்சி. இனிக் கதைக்கிறதுக்கு என்ன இரிக்கி?”

“ஒப்பாரி வச்சி அழத்தான் கூடா தங்கச்சி. கண்ணீர் வந்தா அது றஹ்மத்து, அல்லாட இரக்கம்” என்றார் சுபைறா டீச்சர். உள்ளே பாத்திரம் ஒன்று ஓங்கி வைக்கப்பட்டது.

சைக்கிளில் வரும்போது எனக்குள் ஒன்றுதான் ஓடியது. இந்தப் பிள்ளை பிழையாக ஒன்றும் செய்யவில்லை. சூறாவளியின் கண் தலைக்கு மேல் நிற்கும்போது கதவைப் பூட்டிவைப்பதுதான் சரி. படித்த எவனும் அதைத்தான் சொல்வான். அவள் செய்வது சரியான காரியம். பிந்திச் செய்கிறாள், அவ்வளவுதான். பிந்தி, ஒவ்வொரு நாளும்.

கச்சான் விழுந்து கடற்காற்று எடுக்கும் அந்த இடைவெளி. அது எனக்குப் புழுக்கம். அவளுக்கு?

2.7.1979 திங்கள்

ஆலையடிவேம்புக்குப் போய் நல்லரெத்தினத்தைப் பிடித்தேன். அம்பாறையில் என்னோடு படித்தவன், இப்போது நீர்ப்பாசனத் திணைக்களத்தில். காற்றமுக்கம் பார்க்கிற பாரமானி ஒன்று வேண்டும் என்றேன்.

“பள்ளிக்கூடத்தில என்னடாப்பா, கப்பல் ஓட்டப் போறியா?”

விசயத்தைச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டான். அவனுடைய தங்கையும் மழை இருட்டினால் கட்டிலுக்குக் கீழே போய்விடுகிறாளாம். “நாங்க அதைப் பகிடி பண்ணிக்கொண்டிருக்கிறம் மச்சான்” என்றான்.

சாகாமம் குளத்துக் களஞ்சியத்தில் கிடந்த திரவமில்லாப் பாரமானி ஒன்றைத் தந்தான். வட்ட முகம், ஒற்றை ஊசி. சூறாவளியில் நனைந்தது. “வேலை செய்யுது, ஆனா உப்புக் குடிச்ச சாமான். நம்பிப் போட்டு என்னை ஏசாத.”

4.7.1979 புதன்

அதிபரோடு சண்டை. கடைசியில் இறங்கினார். “உம்மட பொறுப்பில கூட்டிக்கொண்டு வாரும். இன்னொரு முறை கத்தல் கேட்டா அண்டைக்கே பேர வெட்டுவன்.”

அச்சிமுகம்மதிடமும் போனேன். கலியாணத்தைச் சோதனை முடியும் மட்டும் தள்ளிப்போடச் சொன்னேன். “மாப்பிள்ள வீட்டுக்காரர் காத்திருக்க மாட்டாங்க சேர். வீட்டுக் கூரைய முடிச்சா சொன்ன திகதிக்கு வருவாங்க.” பிறகு என்ன நினைத்தாரோ, “மார்கழி மட்டும் பாப்பம். மறுகா ஒரு சத்தம் கேக்கப்படாது” என்றார்.

இரண்டு பேரும் ஒரே சொல். சத்தம் கேட்கக்கூடாது.

9.7.1979 திங்கள்

கதவைத் திருப்பிப் பொருத்தினேன். புதுப் பிணைச்சல், புதுத் தாப்பாள், விரலால் தள்ளினாலும் ஓடும். பக்கத்தில் ஆணி அடித்துப் பாரமானியை மாட்டினேன்.

கரும்பலகையில் வட்டம் ஒன்று கீறி, சுற்றிவர அம்புக்குறி போட்டு, நடுவில் சின்ன வெற்றிடம் விட்டேன். இதுதான் கண் என்றேன். இது மேலால் போகும்போது காற்று நிற்கும். போனபிறகு எதிர்ப்பக்கத்தால் அடிக்கும். அப்போது அமுக்கம் விழுந்து கிடக்கும், ஊசி இங்கே நிற்கும். இது வேறு. நாள்தோறும் கச்சான் விழுவது வேறு. தரைக்காற்று கடற்காற்றுக்கு இடம் விடுகிறது, அவ்வளவுதான். அப்போது ஊசி அசையாது. “நதீரா, கதவு உன் பொறுப்பு. காற்று விழுந்தால் பூட்டு. ஊசியைப் பார். சரியென்றால் நீயே திற. மற்ற யாரும் தாப்பாளில் கைவைக்கக்கூடாது.”

கட்டளையை மீறி அந்த இரவைப் பற்றிக் கதைத்துவிட்டேன் என்று பிறகுதான் உறைத்தது. அதற்குள் பின்வாங்கிலிருந்து ஒருத்தி, “எங்கட பக்கத்திலயும் காத்து நிண்ட சேர்” என்றாள். இன்னொருத்தி, “நாங்க கடல் வத்திட்டு என்டு நினைச்ச.” கையில் கட்டோடு இருந்த றபீக்கா, “எங்கட வாப்பா பாங்கு சொன்ன, சொல்லச் சொல்ல அழுத” என்றாள். பாடம் போய்விட்டது. வாசலில் சுபைறா டீச்சர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

11.7.1979

காற்று விழுந்தது. பூட்டினாள். ஊசியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் தொடுகோட்டைக் கீறிக்கொண்டே இருந்தேன். கடற்காற்று எடுக்க முதலே திறந்தாள். விரல் அளவுக்கு. பிறகு கை அளவுக்கு.

24.7.1979 செவ்வாய்

நாளை மறுநாள் நோன்பு. விடுமுறை. இரண்டு கிழமையாக ஒரு கத்தல் இல்லை. சுபைறா டீச்சர் கடைசிப் பாடத்தில் தையல் என்று பேர் போட்டுவிட்டுப் பிள்ளைகளைக் கதைக்க விடுகிறார். அதிபர் ஒருநாள் எட்டிப் பார்த்தார். எல்லாரும் ஊசியும் நூலுமாக இருந்தார்கள். ஒருத்தி அழுதுகொண்டே தைத்தாள். அவர் திரும்பிப் போனார்.

நதீரா மட்டும் கதைப்பதில்லையாம். தைக்கிறாளாம்.

19.9.1979

கதவு, ஊசி, கதவு. அவள் பார்க்கிறாள், திறக்கிறாள். சோதனைக்குப் பெயர் அனுப்பிவிட்டோம். வேலை முடிந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் இன்று கேட்டேன்: “உம்மா உன்னோட கதைக்கிறாவா?” “எங்கட வாப்பாட்டத்தான் சொல்லுவா” என்றாள்.

5.11.1979 திங்கள்

பெருநாள் முடிந்து திறந்தோம். நதீராவின் வீட்டுக் கூரைக்கு மிச்சத் தகரமும் வந்து இறங்கியிருக்கிறது. அவள் இன்னும் அந்த வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை என்று சுபைறா டீச்சர் சொன்னார்.

ஊருக்குள் ஒரு கதை கிளம்பியிருக்கிறது. இருபத்திமூன்றாம் திகதி திரும்ப வருமாம். யாரோ ஒரு பெரியவர் கனவு கண்டாராம். சந்தையில், பள்ளிவாசலில், பஸ்சில் எல்லாம் இதே கதை. போன வருசம் றேடியோ சொன்னதை நம்பாத சனம், இந்த வருசம் கனவை நம்புகிறது. ஏசவும் முடியவில்லை.

17.11.1979 சனி

மூன்று நாளாக மழை. கூரை ஒழுக்குப் பார்க்கப் பாடசாலைக்குப் போனேன். மண்டபம் ஒழுகவில்லை, என் நீண்ட ஆணி பிடித்திருக்கிறது. திரும்பும்போது வகுப்புக்குள் போய்ப் பாரமானியைப் பார்த்தேன்.

ஊசி நல்ல வானத்தைக் காட்டியது.

வெளியே வானம் கடலோடு ஒட்டிக் கிடக்கிறது. கண்ணாடியில் தட்டினேன். அசையவில்லை. கழற்றிக் குலுக்கினேன். உள்ளே உப்புப் பிடித்து ஊசி இறுகிவிட்டது. எப்போது? தெரியாது. கச்சான் காலத்தில் அசையாமல் நிற்பதுதான் சரியென்று நானே சொல்லிக்கொடுத்தேன். செத்த ஊசியும் அசையாதுதானே.

அவள் அதைப் பார்த்துத்தான் கதவைத் திறக்கிறாள்.

சொன்னால்? பிடித்திருந்த ஒன்றையும் பறித்த மாதிரி. கதவைக் கழற்றியது போல இன்னொரு தரம். சொல்லாவிட்டால்? மெய்யாகவே ஒரு கண் வந்து நின்றால், இந்தப் பொய் வட்டத்தைப் பார்த்துவிட்டுத் தாப்பாளை இழுப்பாள். முதல்தரம் அவளுக்குத் தெரியாது. இரண்டாம்தரம் நான் காரணம்.

திருப்பி மாட்டிவிட்டு வந்துவிட்டேன். கோழை.

21.11.1979

இன்றும் சொல்லவில்லை.

24.11.1979 சனி

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதவேண்டும்.

ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது வடக்கால் காற்று எடுத்திருந்தது. மழை சரிந்து அடித்தது. சும்மா மழைக்காற்றுத்தான், ஆனால் திகதி இருபத்திமூன்று. அது போதும். சனம் பாய், பானை, பிள்ளைகுட்டி எல்லாவற்றோடும் பாடசாலை மண்டபத்துக்கு வந்து நிறைந்தது. றபீக்காவின் வீட்டார், அதிபர், லெவ்வை எல்லாரும். நதீரா வாசலடியில் இருந்தாள். வகுப்பிலிருந்து பாரமானியைக் கழற்றிவந்து மண்டபக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தாள்.

பின்னேர அசர்த் தொழுகைக்குப் பிறகு காற்று நின்றது.

தேய்ந்து தேய்ந்து நிற்கவில்லை. சட்டென்று. மழையும் விட்டது. கூரையில் ஒரு சத்தமில்லை. அவ்வளவு சனத்துக்குள் ஒரு குழந்தைகூட அழவில்லை. அன்றிரவு ஊரில் இல்லாத நானும் கூரையைப் பார்த்தேன்.

அச்சிமுகம்மது எழும்பினார். “காத்து விட்டிட்டு. நான் ஓடிப்போய்ப் புது வீட்டுத் தகரத்துக்குக் கல்லு வச்சிட்டு வந்திர்றன்.” அவர் என்ன சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

நதீரா தாப்பாளைப் போட்டு முதுகைக் கதவில் வைத்தாள்.

“இந்தா தொடங்கிட்டு” என்றது றபீக்காவின் மாமாவின் குரல். அதிபர் என்னைப் பார்த்தார். நான் அவளிடம் போனேன். குரலைத் தாழ்த்திச் சொன்னேன்: “நதீரா, ஊசியை நம்பாதே. அது செத்துப்போச்சு. எனக்குப் போன கிழமையே தெரியும், சொல்லவில்லை.”

“தெரியும் சேர்” என்றாள். “நோன்புக்குப் பொறகு அது அசையவே இல்ல. பயந்த புள்ளையளுக்காகத்தான் கொண்டந்து மாட்டின.”

“அப்ப எதைப் பார்த்துத் திறந்தாய்?”

“ஒண்டையும் பாக்கல்ல. பயந்து பயந்து திறந்த.”

மூன்று மாதம். ஒவ்வொரு நாளும்.

“இப்ப?” என்றேன்.

“இப்ப எனக்குத் தெரியா. உங்களுக்குத் தெரியுமா?”

“எனக்கும் தெரியாது.”

“அப்ப பொறுக்கணும்.” வாப்பாவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: “வாப்பா, இரிங்க. எந்தப் பக்கத்தால வருகுது என்டு பாத்திட்டுப் போகலாம்.”

“தகரம் போயிரும் மகள். உன்ட வீடு.”

“போகட்டும். எனக்கு வீடு வேணா வாப்பா. நீங்க இரிங்க.”

சொல்லும்போதே குரல் உடைந்தது. அழத்தொடங்கினாள். வாயைப் பொத்திக்கொண்டு, மூச்சை உள்ளே இழுத்து அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜின் என்று யாரும் சொல்லவில்லை. லெவ்வை தண்ணீர் கேட்கவில்லை, தலைகுனிந்துகொண்டார்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஆசியா உம்மா எழும்பி வந்தார். மகளை அணைப்பார் என்று நினைத்தேன். அணைக்கவில்லை. கதவடிக்கு வந்து, தானும் திரும்பி, முதுகைக் கதவில் வைத்தார்.

“கொஞ்சம் தள்ளி நில்லு மகள்” என்றார். “நானும் நிக்கிறன்.”

அச்சிமுகம்மது மெல்லப் பாயில் இருந்துவிட்டார்.

எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. பிறகு கூரையில் ஒரு தகரம் முனகியது. வடக்குப் பக்கம். பழைய பக்கம்தான். மழை திரும்பிப் பிடித்தது, முதல் பிடித்த மாதிரியே. சும்மா கார்த்திகை மழை.

தாப்பாளை நதீராதான் திறந்தாள்.

26.11.1979 திங்கள்

பாரமானியை நல்லரெத்தினத்துக்குத் திருப்பிக் கொடுத்தனுப்பினேன். கலியாணம் சோதனை முடிந்து தையில் பார்க்கலாம் என்று அச்சிமுகம்மது சொல்லியிருக்கிறார். தையில் என்ன சொல்வாரோ தெரியாது. அதிபர் சுபைறா டீச்சரின் தையல் பாடத்தை ஒன்பதாம் ஆண்டுக்கும் போடச் சொன்னார். தையல் என்றுதான் சொன்னார்.

நடுப்பகலில் மழை விட்டுக் காற்று விழுந்தது. ஒரு இலை அசையவில்லை. சோக்கட்டி கரும்பலகையில் உரசுவது மட்டும் கேட்டது. நதீரா நிமிரவில்லை, வட்டம் கீறிக்கொண்டிருந்தாள். கதவு திறந்தே கிடந்தது.

நான்தான் திரும்பித் திரும்பி அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.